ஸ்டீயரிங் லெதரை மீட்பது: கலர் பூசுவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை

லெதர் சுற்றிய ஸ்டீயரிங் புதிதாக வரும்போது பளபளக்காது. மங்கலாக, கைக்கு லேசான பிடிப்போடு இருக்கும். சில ஆண்டுகள் ஓடிய பிறகு அதே ஸ்டீயரிங் எண்ணெய் தடவியதுபோல மின்ன ஆரம்பிக்கும், குறிப்பாகக் கடிகாரத்தில் 10 மணியும் 2 மணியும் இருக்கும் இடங்களில். அந்த மினுமினுப்பைப் பார்த்ததும் லெதர் தேய்ந்துவிட்டது என்று நேராகக் கலர் வாங்கப் போகிறவர்கள் நிறைய. பெரும்பாலான ஸ்டீயரிங்குகளில் அது வெறும் அழுக்குதான். வியர்வை, கையின் எண்ணெய்ப்பசை, கிரீம், தூசி எல்லாம் சேர்ந்து லெதரின் நுண்ணிய மேடுபள்ளங்களை நிரப்பி இறுகிவிடுகிறது. மேடுபள்ளம் மறைந்தால் ஒளி கண்ணாடிபோலத் தெறிக்கும். அதுதான் அந்த மினுக்கு. அதன்மேல் கலர் பூசினால் கலர் ஒட்டியிருப்பது அழுக்கின்மீது. ஒரு மாதத்தில் தோலுரிந்து வரும்.

அதனால் வேலையின் முக்கால் பங்கு சுத்தம் செய்வதிலும் தளத்தைத் தயார் செய்வதிலும்தான் இருக்கிறது. கலர் பூசுவது கடைசி அரை மணி நேர வேலை.

முதலில் எந்த அடுக்கு போயிருக்கிறது என்று பாருங்கள்

கார்களில் வரும் லெதர் பெரும்பாலும் மூன்று அடுக்கு. அடியில் பதனிட்ட தோல். அதன்மேல் நிறமி கலந்த கலர் பூச்சு. எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற பாலியூரித்தேன் மேல்பூச்சு. பூச்சுகள் இரண்டும் சேர்ந்தாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தேறினால் அதிகம். தினமும் கை படுவது இந்த மெல்லிய படலத்தில்தான், தோலில் அல்ல. "லெதருக்கு உணவு கொடுக்க வேண்டும்" என்று எண்ணெய் தடவுவது ஸ்டீயரிங்கில் ஏன் பலிக்காது என்பதற்கும் இதுவே காரணம்: மேல்பூச்சு நன்றாக இருந்தால் எண்ணெய் உள்ளே போகாது, மேலேயே நின்று வழுக்கும்.

தேய்மானமும் இந்த வரிசையில்தான் நடக்கும். முதலில் மேல்பூச்சு, பிறகு கலர், கடைசியில் தோலின் நார். எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைச் சுத்தம் செய்த பிறகுதான் சரியாகப் பார்க்க முடியும். சோதனை எளிது. சந்தேகமான இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து ஒரு நிமிடம் விடுங்கள். சொட்டு முத்துபோல நின்றால் மேல்பூச்சு இருக்கிறது. துடைத்த பிறகு அந்த இடம் கருத்து ஈரமாகத் தெரிந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, பூச்சு போய்விட்டது. ஈரமான வெள்ளைத் துணியால் தேய்க்கும்போது கலர் ஒட்டி வந்தால் மேல்பூச்சு இல்லாமல் கலர் வெளியே நிற்கிறது என்று பொருள். விரலால் தடவும்போது வெல்வெட் மாதிரிச் சொரசொரத்தால் நார் எழும்பிவிட்டது.

இதற்கு முன்னால் இன்னொன்றையும் உறுதி செய்துகொள்ளுங்கள்: அது லெதர்தானா? வளையத்தில் தையலே இல்லை என்றால் அது அச்சில் வார்த்த பாலியூரித்தேன். தையல் இருந்தும் அது செயற்கை லெதராக இருக்கலாம். பின்பக்கம் ஆரம் (வளையத்தை நடுப்பகுதியோடு இணைக்கும் கை) சேரும் இடத்தில் விளிம்பு கிழிந்திருந்தால் உள்ளே நெய்த துணி தெரியும், அசல் லெதரில் நார் தெரியும். வார்த்த பாலியூரித்தேன் பழசாகிப் பிசுபிசுக்க ஆரம்பித்தால் அது அழுக்கு அல்ல, ஈரப்பதத்தில் அந்தப் பொருளே சிதைகிறது. எதைப் பூசினாலும் நிற்காது. அல்கான்டாரா சுற்றிய வளையமும் வேறு ஜாதி. அது பாலியெஸ்டரும் பாலியூரித்தேனும் சேர்ந்த நுண்ணிழைத் துணி. லேசாக ஈரம் தொட்ட துணியால் துடைத்து, மென்மையான பிரஷ்ஷால் இழைகளை நிமிர்த்திவிடுவதோடு சரி. கீழே சொல்லும் கலரும் மேல்பூச்சும் அதற்குக் கூடவே கூடாது.

வண்டியிலேயே வைத்து வேலை செய்யுங்கள்

கழற்றி மேசைமேல் வைத்தால் வேலை சுலபம் என்பது உண்மை. ஆனால் நடுவில் ஏர்பேக் இருக்கிறது. அதைக் கழற்றுவதற்கு பேட்டரி இணைப்பைத் துண்டித்து, அந்த வண்டியின் கையேட்டில் சொன்ன நேரம் காத்திருக்க வேண்டும். வளையத்துக்குப் பின்னால், ஏர்பேக்குக்கும் பொத்தான்களுக்கும் மின்சாரம் கொண்டுபோகும் சுருள் கம்பி இருக்கும்; சக்கரங்கள் நேராக இல்லாமல் கழற்றி, அது ஒரு சுற்று தவறிப் பூட்டப்பட்டால் வளையத்தை முழுதாகத் திருப்பும்போது அறுந்துவிடும். ஹாரனும் பொத்தான்களும் வேலை செய்யாது, ஏர்பேக் விளக்கு எரியும். இந்த வேலையில் பழக்கம் இல்லாதவர் ஒரு கலர் பூச்சுக்காக அங்கே கை வைக்க வேண்டியதில்லை. ஆரங்கள், பொத்தான்கள், ஏர்பேக் மூடி எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பால் மூடி, மீட்டர் பக்கமும் மடியும் படும் இடத்தில் பழைய துணி விரித்தால் போதும். வளையத்தைத் திருப்பித் திருப்பி அடிப்பக்கத்தை மேலே கொண்டுவரலாம். ஸ்டீயரிங் பூட்டு விழாத நிலையில் விட்டுக்கொள்ளுங்கள்.

ஹீட் கன் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். சூடேறும் வசதி உள்ள ஸ்டீயரிங்கில் லெதருக்கு அடியிலேயே மின்கம்பி வலை ஓடுகிறது. ஓட்டுநரின் கை வளையத்தில் இருக்கிறதா என்று உணரும் வசதி உள்ள வண்டிகளில் அங்கே உணரிப் படலமும் இருக்கலாம். அதனால் ஊசி, கத்தி, கடும் சூடு மூன்றையும் விலக்குங்கள். நீராவிக் கருவியும் இதே பட்டியலில்தான். ஈரமும் சூடும் சேர்ந்து வந்தால் தோல் சுருங்கும், சுருங்கிய தோல் திரும்ப விரியாது. தையல் ஓரத்தில் வாய் பிளந்து நிற்கும்.

சுத்தம் செய்வது

லெதருக்கென்றே விற்கும், கடுமையற்ற கிளீனர் வேண்டும். பதனிட்ட தோல் இயல்பிலேயே லேசான அமிலத்தன்மை உடையது. சமையலறை மேடைக்கும் தரைக்கும் உள்ள கிளீனர்கள், சமையல் சோடா எல்லாம் காரம். ஒருமுறை துடைத்ததில் ஒன்றும் ஆகிவிடாது. திரும்பத் திரும்பத் துடைத்தால் பூச்சு வறண்டு வெடிக்கும். குழந்தைகளுக்கான ஈரத்தாள்கள் அழுக்கை எடுக்கும், ஆனால் தன் பங்குக்கு ஒரு பசையை விட்டுவிட்டுப் போகும். மேஜிக் ஸ்பாஞ்சு என்று விற்கும் வெள்ளைக் கட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது பார்ப்பதற்குத்தான் பஞ்சு. உண்மையில் மிக நுண்ணிய உப்புத்தாள். ஸ்டீயரிங் பளிச்சென்று ஆகும், ஏனென்றால் அழுக்கோடு மேல்பூச்சையும் தேய்த்து எடுத்திருக்கும். கலர் பூசத்தான் போகிறீர்கள் என்றால் பரவாயில்லை. வெறும் சுத்தம் மட்டும் என்றால் தொடாதீர்கள்.

கிளீனரை வளையத்தில் அடிக்காமல், பிரஷ்ஷில் இரண்டு மூன்று முறை அடித்துக்கொள்ளுங்கள். மென்மையான மயிர் பிரஷ் போதும். வளையத்தை நான்காகப் பிரித்து, ஒரு கால்பகுதியை மட்டும் எடுத்து, இருபது முப்பது விநாடி வட்டமாகத் தேய்த்தால் நுரை பழுப்பாக மாறும். அது காய்வதற்குள் மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து எடுங்கள். காயவிட்டால் கரைந்த அழுக்கு அதே பள்ளத்தில் போய் உட்காரும். ஒரே இடத்தை மூன்று, நான்கு முறை செய்ய வேண்டியிருக்கும். துணியைத் திருப்பிக்கொண்டே இருங்கள். அழுக்கான பக்கத்தாலேயே துடைப்பது அழுக்கை இடம் மாற்றுவதுதான்.

கறுப்பு ஸ்டீயரிங்கில் துணியில் வருவது அழுக்கா கலரா என்ற சந்தேகம் வரும். அழுக்கு பழுப்பும் சாம்பலுமாக இருக்கும், ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வரும். கலர் மைபோலக் கறுப்பாக வரும், தேய்க்கத் தேய்க்கக் கூடும். கூடுகிறது என்றால் நிறுத்திவிடுங்கள். அங்கே மேல்பூச்சு இல்லை.

தையல் ஓரத்துக்கு மென்மையான பல் பிரஷ்ஷைத் தையலோடு நீளவாக்கில் ஓட்டுங்கள், குறுக்கே வேண்டாம். நூல் பிசிறு எழும்பும். துளையிட்ட லெதரில் நுரையை நேரடியாக வைத்தால் துளைக்குள் இறங்கி, காய்ந்த பிறகு வெள்ளைப் புள்ளியாக நிற்கும். அங்கே கிளீனர் தொட்ட துணிதான் சரி. அடைத்திருக்கும் துளைகளை மரப் பல்குச்சியால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலை, வேறு வழி இல்லை.

கடைசியாகத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் ஒருமுறை துடைத்து, ஒன்றிரண்டு மணி நேரம் நிழலில் காயவிடுங்கள். இப்போது வளையத்தைப் பாருங்கள். மங்கலாக, ஒரே நிறமாக, தண்ணீர்ச் சொட்டு நிற்கிறது என்றால் வேலை முடிந்தது. கலர் தேவையே இல்லை. சுத்தமான பிறகும் பிசுபிசுப்பு போகவில்லை என்றால் கிரீமும் சன்ஸ்கிரீனும் சானிடைசரும் மேல்பூச்சை இளக்கிவிட்டிருக்கின்றன. அந்தப் பூச்சை எடுத்துவிட்டுப் புதிது போட வேண்டும்.

தளத்தைத் தயார் செய்வது

இங்கே அவசரப்பட்டவர்களின் ஸ்டீயரிங்தான் மூன்று மாதத்தில் உரிகிறது. 70 சதவீத ஐசோபிரொப்பைல் ஆல்கஹாலை, நூல் பிரியாத துணியில் தொட்டு, வளையம் முழுவதும் துடையுங்கள். ஊற வைக்க வேண்டாம், துணி ஈரமாக இருந்தால் போதும். மிச்சமிருக்கும் எண்ணெயும், இளகிய மேல்பூச்சும், முன்பு யாராவது தடவிய சிலிக்கான் பாலிஷும் இதில் வர வேண்டும். சிலிக்கான்தான் மோசமான எதிரி. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கலர் பூசும்போது அந்த இடத்தில் மட்டும் கலர் விலகி விலகிச் சிறு குழிகளாக நிற்கும். அப்படி வந்தால் மேலே மேலே பூசி மறைக்கப் பார்க்காதீர்கள். துடைத்தெடுத்து மறுபடி ஆல்கஹாலில் இருந்து தொடங்குங்கள்.

பிறகு உப்புத்தாள். நார் எழும்பிய இடத்துக்கு 400 எண் தாள் (எண் கூடக் கூடத் தாள் நுண்மையாகும்), அதன்பின் 600. பூச்சு பாதி உரிந்து பாதி நிற்கும் விளிம்புகளுக்கு 600, பிறகு 1000. பூச்சு நன்றாக இருக்கும் இடங்களில் 1000 தாளால் லேசாக ஒரு தடவல், புதிய பூச்சு பற்றிக்கொள்வதற்காக. தாளைச் சிறு துண்டாகக் கிழித்து விரலில் சுற்றிக்கொண்டால் வளைவுக்கு ஏற்றபடி போகும். தையலில் இருந்து இரண்டு மில்லிமீட்டர் தள்ளியே நிறுத்துங்கள். நூலைத் தொட்டால் ஒரே இழுப்பில் அறுந்துவிடும். எப்போது போதும் என்பதற்கு நகம்தான் அளவுகோல். உரிந்த இடத்துக்கும் உரியாத இடத்துக்கும் நடுவே நகத்தை ஓட்டும்போது படிக்கட்டுபோலத் தட்டக் கூடாது. இப்போது தட்டினால் கலர் பூசிய பிறகு அந்த விளிம்பு கண்ணுக்கும் தெரியும். தூசியைத் தட்டிவிட்டு, ஆல்கஹாலால் ஒரு முறை மெல்லத் துடையுங்கள்.

நார் வெளியே வந்த இடங்களுக்கு லெதர் பைண்டர் வேண்டும். இது தண்ணீர்போல இருக்கும் அக்ரிலிக் பசை. நாருக்குள் இறங்கி அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும். ஸ்பாஞ்சில் தொட்டு அந்த இடத்தில் அழுத்தித் தேயுங்கள். பத்துப் பதினைந்து நிமிட இடைவெளியில் மூன்று முறை. காய்ந்ததும் விறைப்பாக, ஆனால் சொரசொரப்பில்லாமல் இருக்க வேண்டும். இன்னும் நார் தலைகாட்டினால் 1000 தாளால் தேய்த்து, மேலும் ஒரு முறை. பைண்டரைத் தவிர்த்து நேராகக் கலர் போட்டால் தோல் கலரைக் குடித்துக்கொண்டே இருக்கும், எத்தனை பூச்சு போட்டாலும் அந்த இடம் மட்டும் வெளிறித் தெரியும்.

மோதிரமோ நகமோ கீறிய பள்ளங்களுக்கு நெகிழும் தன்மையுள்ள லெதர் ஃபில்லர் உண்டு. சோபாவில் தாராளமாகப் பயன்படும் இந்தப் பொருளை ஸ்டீயரிங்கில் கஞ்சத்தனமாகத்தான் பயன்படுத்த வேண்டும். கை அழுத்திக்கொண்டே இருக்கும் இடம் இது. கனமான ஃபில்லர் முதலில் ஓரத்தில் வெடித்து, பிறகு தகடாகக் கழன்று வரும். ஒரு முறைக்கு அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தேய்த்து, முழுவதும் காய்ந்த பிறகு அடுத்தது. பள்ளத்தில் மட்டும் இருக்கட்டும், சுற்றி வழிந்ததைக் காயும் முன்னே துடைத்துவிடுங்கள். ஆழம் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டினால் ஃபில்லரால் தீராது.

கலர்

நிறமி கலந்த, தண்ணீர் அடிப்படையிலான லெதர் கலர்தான் வேண்டும். ஷூ பாலிஷும், தோலுக்குள் ஊறும் ஸ்பிரிட் சாயமும் வியர்த்த கையில் ஒட்டிக்கொண்டு சட்டைக்கும் வந்து சேரும்.

எவ்வளவு வாங்குவது? வளையத்தின் விட்டம் 37 சென்டிமீட்டர், பிடிக்கும் கனத்தின் சுற்றளவு 10 சென்டிமீட்டர் என்று வைத்தால் மொத்தப் பரப்பு ஏறக்குறைய இரண்டு ஏ4 தாள்கள்தான். 50 மில்லி கலர் தாராளம், மீதியும் இருக்கும். மேல்பூச்சுக்கும் அதே அளவு போதும்.

நிறப் பொருத்தத்தில் கறுப்புதான் ஏமாற்றும். கறுப்பு ஸ்டீயரிங் என்று நாம் சொல்வதில் பாதி உண்மையில் கரும்சாம்பல். சுத்தக் கறுப்பைப் பூசினால் வளையம் மட்டும் தனியாக வெட்டி ஒட்டியது போலத் தெரியும். ஆரத்துக்குப் பின்னால் கை படாத இடத்தைச் சுத்தம் செய்து, அதை மாதிரியாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயே ஒரு துளி பூசி, காய்ந்த பிறகு பகல் வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள். ஈரமாக இருக்கும்போது இந்தக் கலர்கள் பால் கலந்தது மாதிரி வெளிறியிருக்கும், காய்ந்தால் கருக்கும். ஈரத்தில் சரியாகப் பொருந்துகிறது என்றால் காய்ந்த பிறகு பொருந்தாது.

மேல்பாதி மட்டும் தேய்ந்திருந்தாலும் பாதியில் நிறுத்தாதீர்கள். வளையத்தின் லெதர் பொதுவாக இரண்டு முதல் நான்கு துண்டுகளாகத் தைக்கப்பட்டிருக்கும். ஒரு தையலில் தொடங்கி அடுத்த தையலில் முடித்தால் சிறு நிற வேறுபாடு கண்ணுக்குப் படாது. துண்டின் நடுவில் முடித்தால் எவ்வளவு நுணுக்கமாகக் கரைத்தாலும் ஒரு கோடு தெரியும்.

பூசும் முறை: கையுறை போட்டுக்கொண்டு, நெருக்கமான துளையுள்ள ஸ்பாஞ்சுத் துண்டில் அரைத் தேக்கரண்டிக்கும் குறைவாக எடுத்து, ஒரு தட்டில் ஒற்றி மிகுதியை நீக்கிவிட்டு, வளையத்தில் ஒற்றி ஒற்றிப் பரப்புங்கள். இழுத்தால் கோடு விழும். முதல் பூச்சு முடிந்ததும் பார்க்கவே சகிக்காது, திட்டுத்திட்டாக இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். முதல் பூச்சிலேயே அடித்தளம் மறைந்துவிட்டது என்றால் நீங்கள் போட்டது மூன்று பூச்சு. ஹேர் டிரையரை மிதமான சூட்டில், அரை முழத் தூரத்தில் அசைத்துக்கொண்டே ஐந்து நிமிடம் காயவிட்டு அடுத்தது. நான்கு, ஐந்து பூச்சுகளில் நிறம் சமப்படும். மூன்றாவதற்குப் பிறகு 1500 தாளால் ஒருமுறை மெல்லத் தடவினால் சிறு பொரிகள் நீங்கும். ஏர்பிரஷ் இருந்தால் கடைசி இரண்டையும் அதில் அடிக்கலாம். முதல் பூச்சுகளை அடிக்க வேண்டாம், ஸ்பாஞ்சின் அழுத்தம்தான் கலரைத் துளைகளுக்குள் செலுத்துகிறது.

வேறு நிறத்தில் தையல் இருந்தால் அதுதான் இந்த வேலையின் தலைவலி. டேப் ஒட்டி மறைக்கவும் முடியாது. தையல் ஓரத்தை மட்டும் மெல்லிய ஓவியப் பிரஷ்ஷால் பூசி, நூலில் பட்டதைக் காயும் முன் ஈரப் பல்குச்சியால் எடுங்கள். அதையும் மீறிக் கறுத்த நூலுக்கு, வேலை முடிந்த பிறகு நூலின் நிறத்திலேயே லெதர் கலர் எடுத்து மிக மெல்லிய பிரஷ்ஷால் ஒவ்வொரு தையலாகத் தொடலாம். கண்ணாடி போட்டுக்கொண்டு செய்ய வேண்டிய வேலை.

மேல்பூச்சு

கலரோடு நிறுத்துகிறவர்களும் உண்டு. அவர்களுடைய உள்ளங்கை இரண்டாம் வாரத்தில் கறுக்கும். மேல்பூச்சுதான் தேய்மானத்தைத் தாங்குவது.

மேட் அல்லது மிக லேசான பளபளப்பு உள்ளதை வாங்குங்கள். பளபளப்பானது வழுக்கும், வெயிலில் கண்ணாடியில் பிரதிபலிக்கும். புட்டியை நன்றாகக் குலுக்குவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மங்கலாக்கும் பொருள் அடியில் படிந்திருக்கும். குலுக்காமல் மேலே இருப்பதை எடுத்துப் பூசிவிட்டு "மேட் என்று சொன்னார்கள், பளபளக்கிறது" என்று புட்டியைக் குறை சொல்வது பயனில்லை. மூன்று, நான்கு மெல்லிய பூச்சுகள். ஒற்றும் முறை கலருக்குச் சொன்னதேதான்.

ஸ்டீயரிங் மாதிரி அதிகம் கை படும் இடத்துக்குக் கிராஸ்லிங்கர் என்ற இறுக்கியைக் கலப்பது நல்லது. அது மேல்பூச்சின் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பின்னி, வியர்வைக்கும் ஆல்கஹாலுக்கும் தாங்கும்படி ஆக்குகிறது. அளவு புட்டியில் எழுதியிருக்கும் சதவீதமே. கண்ணளவில் ஊற்றாதீர்கள், ஊசியில்லாத சிரிஞ்சால் அளந்து கலக்குங்கள். அதிகமானால் பூச்சு விறைத்து வெடிக்கும். கலந்ததைச் சில மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும், மிச்சத்தை மூடி வைத்தால் மறுநாள் உதவாது. இவற்றில் பல ஐசோசயனேட் வகை. தோலுக்கும் நுரையீரலுக்கும் ஆகாதவை. கையுறை, திறந்த கதவுகள் இரண்டும் கட்டாயம், தகுந்த முகமூடி இல்லாமல் தெளிப்பானில் அடிக்கவே கூடாது.

ஒரு மணி நேரத்தில் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும். ஆனாலும் முழு ஒரு நாள் வண்டியை எடுக்காதீர்கள். உள்ளுக்குள் இறுக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதுவரை கிளீனரும் வேண்டாம், ஈரத் துணியும் வேண்டாம், ஓட்டும்போது கிரீம் தடவிய கையும் வேண்டாம்.

சொதப்பியது எங்கே என்று கண்டுபிடிப்பது

உரிவது தகடு தகடாக வந்தால், அடியில் எண்ணெய் இருந்திருக்கிறது. தகட்டைத் திருப்பிப் பாருங்கள்: பின்பக்கம் கலர் வழவழப்பாக இருந்தால் அது எதையும் பற்றிக்கொள்ளவே இல்லை. கலரோடு தோலின் நாரும் சேர்ந்து வந்தால் பைண்டர் போதவில்லை. வெறும் மேல்பூச்சு மட்டும் உரிந்து கலர் அப்படியே நின்றால், இரண்டுக்கும் நடுவில் கை பட்டிருக்கிறது, அல்லது இரண்டும் ஒத்துப்போகாத வேறு வேறு தயாரிப்புகள். ஒரே தயாரிப்பாளரின் கலரையும் மேல்பூச்சையும் சேர்த்து வாங்குவதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

ஒரு வாரத்துக்குப் பிறகும் பிசுபிசுத்தால் பூச்சு கனமாகிவிட்டது, மேலே காய்ந்து உள்ளே ஈரம் சிக்கியிருக்கிறது. இன்னொரு வாரம் பொறுத்துப் பாருங்கள். அப்போதும் அப்படியே என்றால் ஆல்கஹாலால் எடுத்துவிட்டு மறுபடி. மெல்லிய வெடிப்புகள் கோலம் போட்டது மாதிரி வந்தால் அதுவும் கனத்தால்தான், அல்லது இறுக்கி கூடியதால்.

கலர் பூசும் முன் கண்டிஷனர் தடவுவது அடிக்கடி நடக்கும் இன்னொரு தவறு. "வறண்ட தோலுக்கு ஈரப்பதம் கொடுத்துவிட்டுப் பூசலாம்" என்று தோன்றும். கொடுத்தது எண்ணெய்; மேலே சொன்ன தகடு உரிதலுக்கு அதுவே முதல் படி.

இது எதுவும் பலிக்காத ஸ்டீயரிங்

லெதர் வளையத்தில் இருந்து கழன்று திருகினால் சுழல்கிறது, தையல் விட்டுப்போயிருக்கிறது, வெடிப்பின் வழியே உள்ளே இருக்கும் நுரை தெரிகிறது என்றால் பூச்சு வேலையில் நேரத்தைச் செலவிடாதீர்கள். புதிய லெதர் சுற்றித் தைப்பதுதான் வழி. ஏறக்குறைய 1 முதல் 1.3 மில்லிமீட்டர் கனமுள்ள மென்மையான லெதர், இறுக்கமாக முறுக்கிய பாலியெஸ்டர் நூல், இரண்டு ஊசி, சில மணி நேரம். அந்தந்த மாடலுக்கு வெட்டித் துளையிட்டு வரும் உறைகளும் உண்டு. அவற்றை வாங்கினால், உறை வளையத்தைவிட ஒரு மயிரிழை சின்னதாக இருந்து, இழுத்துத் தைத்தால்தான் சேர வேண்டும். சுலபமாகச் சேர்கிறது என்றால் இரண்டு கோடை தாண்டுவதற்குள் தளர்ந்துவிடும்.

தைக்காமல் மாட்டும் ரப்பர் உறைகளை நான் ஒரு தீர்வாகவே எண்ணுவதில்லை. அவசரமாகத் திருப்பும்போது உறை சுழன்று வளையம் நின்றுவிட்டால், அப்போது அந்தக் கிழிந்த லெதரே மேல் என்று தோன்றும். கை உணரி உள்ள வண்டிகளில் உறை அதையும் குழப்பும்.

பிறகு பார்த்துக்கொள்வது

வாரம் ஒருமுறை ஈரத்தில் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் ஒரு துடைப்பு, ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை கிளீனர். வெயிலில் நிறுத்தினால் கண்ணாடிக்கு மறைப்பு, அல்லது வளையத்தின் மேல் ஒரு துண்டு. சானிடைசர் தடவினால் கை முழுவதும் காய்ந்த பிறகு ஸ்டீயரிங்கைத் தொடுங்கள். ஆல்கஹால் ஈரத்தோடு தினமும் பிடித்தால் எந்த மேல்பூச்சும் ஒரு வருடம் தாங்காது. தேங்காய் எண்ணெய், ஆலிவ் எண்ணெய் எதுவும் வேண்டாம். அவை நாளடைவில் சிக்குப் பிடித்துத் தூசியை இழுக்கும், கைக்கும் வழுக்கும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை 10 மணி இடத்திலும் 2 மணி இடத்திலும் அதே தண்ணீர்ச் சொட்டை வைத்துப் பாருங்கள். சொட்டு தட்டையாகப் பரவ ஆரம்பித்து, ஆனால் இடம் இன்னும் கருக்காமல் இருக்கும் சமயம்தான் சரியான தருணம்: சுத்தம் செய்து, ஆல்கஹாலால் துடைத்து, 1500 தாளால் ஒரு தடவல், மேல்பூச்சு இரண்டு. கலர் புட்டியைத் திறக்கவே வேண்டியிருக்காது.